இரவல் படை: பல நாட்டு வீரர்களுக்கு ஒரே தளபதி என்றால் என்ன?

1942 நவம்பர் முதல் வாரம். பிரான்சின் தென்கரையில், இருட்டில், ஆன்றி ஜிரோ என்ற 63 வயது பிரெஞ்சு ஜெனரல் ஒரு சிறு படகிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தாவினார். கப்பலின் பெயர் சீராஃப். அது பிரிட்டிஷ் கப்பல். ஆனால் ஜிரோவோ பிரிட்டிஷ் கப்பலில் கால் வைக்க மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். 1940 ஜூலையில் பிரிட்டிஷ் கடற்படை அல்ஜீரியக் கரையில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களைச் சுட்டு, ஏறக்குறைய 1,300 பிரெஞ்சு மாலுமிகளைக் கொன்றிருந்தது. அந்தக் கோபம் ஆறவில்லை.

அந்தப் பக்கத்தில் அமெரிக்க நீர்மூழ்கி ஒன்றும் கிடையாது. என்ன செய்தார்கள்? ஜெரால்ட் ரைட் என்ற அமெரிக்கக் கடற்படை கேப்டனை ஏற்றிவிட்டு, அந்தப் பயணத்துக்கு மட்டும் அதை அமெரிக்கக் கப்பல் என்று அறிவித்துவிட்டார்கள். ஓட்டியது என்னவோ பழைய பிரிட்டிஷ் அதிகாரிதான். மாலுமிகள் அமெரிக்க உச்சரிப்பில் பேசி நடித்தார்கள் என்றுகூட ஒரு கதை உண்டு.

ஜிரோ ஜிப்ரால்டரில் வந்து இறங்கினார். அங்கே பாறையைக் குடைந்த சுரங்க அறையில் படையெடுப்புக்குத் தலைமை ஏற்ற அமெரிக்க ஜெனரல் டுவைட் ஐசன்ஹோவர் உட்கார்ந்திருந்தார். விடிந்தால் மொராக்கோ, அல்ஜீரியா கரைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க, பிரிட்டிஷ் வீரர்கள் இறங்கப் போகிறார்கள். ஹிட்லரோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசின் கீழ் அங்கே இருந்த பிரெஞ்சுப் படை எதிர்க்காமல் இருக்க ஜிரோவின் பெயர் உதவும் என்பது கணக்கு. ஜிரோ வந்ததும் கேட்ட முதல் விஷயம், மொத்தப் படையெடுப்புக்கும் தலைமையை எப்போது என்னிடம் ஒப்படைக்கப் போகிறீர்கள் என்பது. மணிக்கணக்கில் பேச்சு நீண்டது. அன்றிரவு முடிவு வரவில்லை. மறுநாள்தான், வட ஆப்பிரிக்காவின் பிரெஞ்சுப் படைகளுக்கு மட்டும் தலைமை என்று ஜிரோ இறங்கி வந்தார்.

ஐசன்ஹோவர் அதுவரை ஒரு போர்க்களத்தையும் பார்த்தவரில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்பு வெறும் கர்னல். அவருடைய முதல் போரின் முதல் இரவு, நண்பன் ஒருவனைச் சமாதானப்படுத்துவதில் கழிந்தது. அடுத்த இரண்டரை வருடமும் பெரும்பாலும் அப்படித்தான் கழியப் போகிறது என்று அப்போது அவருக்குத் தெரிந்திருக்காது. இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியது. போர்க்காலத்தில் பல நாட்டுப் படைகளுக்கு ஓர் அமெரிக்கத் தளபதி தலைமை ஏற்கிறார் என்கிறார்களே, அதற்கு நடைமுறையில் என்ன அர்த்தம்?

தலைமை வேறு, உடைமை வேறு

முதலில் ஒரு அடிப்படை விஷயம். ஒரு சிப்பாய்க்குச் சம்பளம் கொடுப்பது யார்? பதவி உயர்வு தருவது, தப்பு செய்தால் தண்டிப்பது, செத்தால் வீட்டுக்குத் தந்தி அடிப்பது யார்? அவனுடைய சொந்த நாடு. கூட்டணியில் சேர்ந்த பிறகும் இது எதுவும் கைமாறுவதில்லை. கைமாறுவது ஒன்றே ஒன்றுதான்: இந்த மலையைப் பிடி, அந்த ஆற்றுக்கு இப்பால் நில், மூன்றாம் தேதி காலை புறப்படு என்று சொல்லும் உரிமை. இதைச் செயல்பாட்டுக் கட்டுப்பாடு என்பார்கள். அமெரிக்கா இதில் கறார். தன் வீரர்கள் மீதான முழு அதிகாரம் எப்போதும் அதிபரிடமே இருக்கும், வெளிநாட்டுத் தளபதிக்குக் கொடுப்பதெல்லாம் குறிப்பிட்ட வேலைக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்பது அவர்கள் வழக்கம். மற்ற நாடுகளும் ஏறக்குறைய அப்படித்தான்.

கல்யாண வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து அண்டா வாங்கி வருவதைப் போல. சமைத்துக்கொள்ளலாம். அடுப்பில் எவ்வளவு நேரம் வைப்பது என்பதும் நம் இஷ்டம். ஆனால் அடி நசுங்கினால் பதில் சொல்ல வேண்டும், கொடுத்தவர் வந்து கேட்டால் பாதிச் சமையலிலும் இறக்கித் தர வேண்டும். கூட்டுப்படைத் தளபதி என்பவர் ஊரெல்லாம் இரவல் அண்டா வாங்கி விருந்து வைப்பவர்.

அப்புறம் ஏன் இரவல் கொடுக்கிறார்கள்? கொடுக்காவிட்டால் தோற்றுப் போவார்கள் என்பதால். முதல் உலகப் போரில் பிரான்சும் பிரிட்டனும் மூன்றரை வருடத்துக்கு மேல் தனித்தனித் தலைமையில் சண்டை போட்டன. 1918 மார்ச்சில் ஜெர்மானியர் பிரிட்டிஷ் படையைப் பிளந்துகொண்டு வந்தபோதுதான், டூலான் என்ற ஊரில் அவசரமாகக் கூடி, ஃபெர்டினான்ட் ஃபோஷ் என்ற பிரெஞ்சு ஜெனரலை ஒருங்கிணைப்பாளராக ஏற்றார்கள். அதாவது, வீடு பற்றி எரிந்த பிறகு.

அந்தப் போரில் அமெரிக்கா இரவல் கொடுக்கும் பக்கத்தில் இருந்தது. ஜெனரல் ஜான் பெர்ஷிங் வரும்போதே கையில் ஓர் உத்தரவோடு வந்தார்: அமெரிக்கப் படை கூட்டணியின் தனி அங்கம், அதன் அடையாளம் கலையக் கூடாது. எங்கள் படைகளில் ஓட்டை விழுந்திருக்கிறது, உங்கள் பையன்களைக் கொடுங்கள், நிரப்பிக்கொள்கிறோம் என்று பிரெஞ்சுக்காரரும் பிரிட்டிஷாரும் கெஞ்சியும் மிரட்டியும் பார்த்தார்கள். பெர்ஷிங் அசையவில்லை. அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் தன் நாட்டை நேசநாடு என்றுகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. 'கூட்டாளி நாடு' என்பதே அவர் வைத்த பெயர்.

பெர்ஷிங்கிடம் போர்த் திட்டங்களைப் பார்த்துக்கொண்டவர் ஃபாக்ஸ் கானர். போர் முடிந்து சில ஆண்டுகளில் பனாமாவில் கானருக்குக் கீழே ஒரு இளம் மேஜர் வேலை பார்த்தார். அவர்தான் ஐசன்ஹோவர். இன்னொரு பெரிய போர் வரும், அதையும் கூட்டணியாகத்தான் நடத்த வேண்டியிருக்கும், இந்த முறை முதலிலேயே ஒரே தலைமை வேண்டும், அந்தக் கலையைக் கற்றுக்கொள் என்று கானர் அவருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஜார்ஜ் மார்ஷல் என்றொருவர் இருக்கிறார், அவரைப் பார்த்து வைத்துக்கொள் என்றும் சொன்னார்.

மார்ஷல் செய்த தந்திரம்

1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. இரண்டே வாரத்தில் சர்ச்சில் வாஷிங்டனில் இருந்தார். கிறிஸ்துமஸ் அன்று, அமெரிக்கத் தரைப்படைத் தலைவரான மார்ஷல் கூட்டத்தில் எழுந்து, ஒவ்வொரு போர்முனைக்கும் ஒரே தளபதி வேண்டும், எந்த நாட்டவராக இருந்தாலும் தரை, கடல், வான் மூன்றும் அவர் கீழேயே வர வேண்டும் என்றார்.

பிரிட்டிஷாருக்குப் பிடிக்கவில்லை. கப்பலைப் பற்றித் தரைப்படைக்காரனுக்கு என்ன தெரியும் என்பது சர்ச்சிலின் கேள்வி. டாங்கைப் பற்றிக் கடற்படைக்காரனுக்கு என்ன தெரியும் என்று மார்ஷல் திருப்பிக் கேட்டதாகப் பதிவு இருக்கிறது. வாதத்தால் மட்டும் அவர் ஜெயிக்கவில்லை. முதல் கூட்டுத் தளபதி பதவிக்கு அமெரிக்கரை நிறுத்தாமல், ஆர்ச்சிபால்ட் வேவல் என்ற பிரிட்டிஷ் ஜெனரலின் பெயரைச் சொன்னார். தென்கிழக்கு ஆசியாவில் அமெரிக்க, பிரிட்டிஷ், டச்சு, ஆஸ்திரேலியப் படைகள் எல்லாம் வேவலுக்குக் கீழே. முதலில் நீ என் பொருளை எடுத்துக்கொள், பிறகு நான் உன்னுடையதைக் கேட்கிறேன் என்பது போன்ற ஏற்பாடு.

வேவலின் அந்தத் தலைமையகம் ஆறு வாரம்தான் தாக்குப்பிடித்தது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது, மாத இறுதிக்குள் கடையைக் கட்டிவிட்டார்கள். ஆனால் முறை நிலைத்துவிட்டது. இரு நாட்டு முப்படைத் தலைவர்களும் சேர்ந்த ஒரு குழு வாஷிங்டனில் அமர்ந்தது. கூட்டுத் தளபதிக்கு உத்தரவு தனி ஒரு நாட்டிடமிருந்து வராது, இந்தக் குழுவிடமிருந்தே வரும். அங்கே பிரிட்டனின் பிரதிநிதியாக இருந்த ஃபீல்டு மார்ஷல் ஜான் டில், மார்ஷலுக்கு நெருங்கிய நண்பரானார். 1944 நவம்பரில் டில் இறந்தபோது அமெரிக்க வீரர்களுக்கான ஆர்லிங்டன் கல்லறையில் அவரைப் புதைத்தார்கள். குதிரை மேல் அமர்ந்த அவர் சிலை இன்றும் அங்கே நிற்கிறது. நிறுவனம், விதிமுறை என்று எவ்வளவு எழுதினாலும் கடைசியில் வேலை நடந்தது இந்த மாதிரி இரண்டு பேர் ஒருவரையொருவர் நம்பியதால்தான் என்பது என் எண்ணம்.

விதிமுறை என்றதும் ஒரு தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வட ஆப்பிரிக்கப் படையெடுப்புக்கு முன், ஐசன்ஹோவருக்குக் கீழே போகவிருந்த பிரிட்டிஷ் ஜெனரல் கென்னத் ஆண்டர்சனுக்கு லண்டன் ஓர் உத்தரவு தயாரித்தது. தளபதி சொல்வதால் உன் படைக்கு ஆபத்து என்று தோன்றினால் நேரே லண்டனுக்கு முறையிடலாம் என்று அதில் ஒரு வரி. 1918இல் ஃபோஷுக்குக் கீழே போன பிரிட்டிஷ் தளபதி ஹெய்குக்குக் கொடுத்த பழைய உத்தரவைப் பார்த்து எழுதியது. ஐசன்ஹோவர் படித்துவிட்டு, இது கூட்டணியின் உணர்வைப் பலவீனப்படுத்தும் என்று ஆட்சேபித்தார். லண்டன் மாற்றிக் கொடுத்தது. முறையிடும் உரிமை அப்படியே இருந்தது. ஆனால் முறையிடுவதற்கு முன் காரணத்தை ஐசன்ஹோவரிடம் சொல்ல வேண்டும்.

இந்த மாற்றம் சின்னதாகத் தெரியும். ஆனால் மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. அண்டாவைத் திரும்பக் கேட்கும் உரிமையை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கேட்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லு என்பது மட்டுமே புதிது. அந்த ஒரு வார்த்தைக்கான இடைவெளியில் ஐசன்ஹோவர் போர் முழுவதையும் நடத்தினார்.

தளபதியா, தூதரா?

ஜிரோ கதைக்கு வருவோம். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த ஜிரோவை வட ஆப்பிரிக்காவில் எந்தப் பிரெஞ்சு அதிகாரியும் மதிக்கவில்லை. அவர்கள் மதித்த ஆள் அட்மிரல் டார்லான். ஹிட்லரோடு ஒத்துழைத்த விஷி அரசில் பெரிய புள்ளி. போலியோவில் விழுந்த மகனைப் பார்க்க அப்போது தற்செயலாக அல்ஜியர்ஸில் இருந்தார். ஐசன்ஹோவர் அவரோடு பேசி முடித்தார்: டார்லான் சண்டையை நிறுத்துவார், பதிலுக்கு அங்கே ஆட்சிப் பொறுப்பு அவரிடமே இருக்கும்.

சண்டை நின்றது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கூச்சல் எழுந்தது. நாஜிகளை ஒழிக்கப் போன இடத்தில் நாஜிகளின் கூட்டாளிக்கே பட்டம் கட்டினால் எப்படி? இது தற்காலிக ஏற்பாடு என்று ரூஸ்வெல்ட் அறிக்கை விட வேண்டி வந்தது. டிசம்பர் 24 அன்று ஒரு பிரெஞ்சு இளைஞன் டார்லானைச் சுட்டுக் கொன்றான். சிக்கல் தானாகத் தீர்ந்தது என்று சொல்வது குரூரம்தான், ஆனால் அரசியல்ரீதியாக அதுதான் நடந்தது.

வெளியுறவுத் துறை எடுக்க வேண்டிய முடிவை ஒரு ராணுவ அதிகாரி எடுத்தார், காரணம் அவர்தான் களத்தில் இருந்தார். போர்க்காலத்தில் இது மறுபடி மறுபடி நடக்கும். குண்டு விழும் நேரத்தில் தந்தி போய்ப் பதில் வரும்வரை காத்திருக்க முடியாது. முடிவு களத்தில் எடுக்கப்படும், விலையைத் தலைநகரம் கொடுக்கும்.

1944இல் பிரான்ஸ் படையெடுப்புக்காக ஐசன்ஹோவர் அமைத்த தலைமையகத்தில் இந்தப் பாடம் தெரிகிறது. துணைத் தளபதி டெடர், கடற்படைக்கு ராம்சே, விமானப்படைக்கு லீ-மலோரி, தொடக்கத்தில் தரைப்படைகளுக்கு மான்ட்கோமரி, எல்லாரும் பிரிட்டிஷார். அலுவலகத்தை நடத்திய பெடல் ஸ்மித் அமெரிக்கர். உளவுப் பிரிவுக்குப் பிரிட்டிஷார், போர்த் திட்டப் பிரிவுக்கு அமெரிக்கர். யாரும் தன் ஆளுக்கு மட்டும் போன் போட்டு வேலை முடித்துக்கொள்ள முடியாதபடி கலந்து அடுக்கிய சீட்டுக்கட்டு. சக அதிகாரியைத் திட்டினால் போகட்டும், 'பிரிட்டிஷ்' என்று சேர்த்துத் திட்டினால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று ஒரு கதை அப்போதே பரவியிருந்தது.

இதெல்லாம் மான்ட்கோமரியிடம் செல்லுபடியாகவில்லை. 1944 டிசம்பர் 16 அன்று ஆர்டென் காடுகளில் ஜெர்மானியர் திடீரென்று பாய்ந்து அமெரிக்க முனையை இரண்டாகப் பிளந்தார்கள். வடபக்கம் இருந்த இரண்டு அமெரிக்கப் படைகளையும் ஐசன்ஹோவர் மான்ட்கோமரியின் கீழே வைத்தார். ராணுவக் கணக்கில் சரியான முடிவு. அந்தப் படைகளின் சொந்தத் தளபதி பிராட்லிக்கு அது முகத்தில் அறைந்தது போல. அத்தோடு விட்டிருக்கலாம். டிசம்பர் 29 அன்று மான்ட்கோமரி ஒரு கடிதம் எழுதினார். பிராட்லியின் மொத்தப் படையும் என் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி தோற்போம் என்பது அதன் சாரம்.

ஐசன்ஹோவர் பொறுமை இழந்தார். இவரா, நானா என்று முடிவு செய்யுங்கள் என்று வாஷிங்டன் குழுவுக்குச் செய்தி தயாரித்துவிட்டார். அனுப்பவில்லை, தயாரித்தார். மான்ட்கோமரியின் அலுவலகத் தலைவர் ஃப்ரெடி டி கிங்கன் விஷயம் தெரிந்து, மோசமான வானிலையில் விமானம் ஏறி, ஐசன்ஹோவரின் தலைமையகம் இருந்த வெர்சாய்க்கு வந்து, ஒரே ஒரு நாள் பொறுங்கள் என்று கெஞ்சினார். கிடைத்த நாளில் திரும்பிப் போய், உங்கள் இடத்துக்கு வேறு ஆள் பெயர்கூடச் சொல்லிவிட்டார்கள் என்றார். மான்ட்கோமரிக்கு அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கடிதத்தை டி கிங்கனே எழுத, மான்ட்கோமரி கையெழுத்திட்டார். 'தங்களுக்கு மிகவும் விசுவாசமான கீழ்ப்பணியாளன்' என்கிற பாணியில் முடிந்த கடிதம்.

ஐசன்ஹோவரால் அப்படி மிரட்ட முடிந்ததற்குக் காரணம் எளிது. அதற்குள் களத்தில் நின்ற வீரர்களில் பெரும்பகுதி அமெரிக்கர்கள். சமையலில் முக்கால்வாசிப் பாத்திரம் அமெரிக்காவினுடையது. 1942இல் அவர் அப்படிப் பேசியிருக்க முடியாது.

ஸ்ட்ராஸ்பூர்க்: கொடுத்தவர் வந்து கேட்டபோது

இந்தச் சண்டை முடிந்து மூன்றே நாளில் அடுத்தது. அதே வெர்சாய்.

ஆர்டென் பக்கம் படை தேவைப்பட்டதால், தெற்கே அல்சாஸ் பகுதியில் முனையைச் சுருக்கிக்கொண்டு மலைத்தொடருக்குப் பின்வாங்கச் சொன்னார் ஐசன்ஹோவர். புத்தாண்டு இரவில் ஜெர்மானியர் அங்கேயும் தாக்கத் தொடங்கியதால் அவசரம் கூடியது. வரைபடத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத முடிவு. ஆனால் பின்வாங்கினால் ஸ்ட்ராஸ்பூர்க் நகரம் ஜெர்மானியரிடம் போய்விடும்.

ஸ்ட்ராஸ்பூர்க்கை ஜெர்மனி 1871இல் பிடுங்கிக்கொண்டது. 1918இல் பிரான்சுக்குத் திரும்பியது. 1940இல் மறுபடி போனது. 1941 மார்ச்சில், சகாராப் பாலைவனத்தில் குஃப்ரா என்ற இடத்தில், ஸ்ட்ராஸ்பூர்க் தேவாலயத்தின் மேல் நம் கொடி பறக்கும்வரை ஆயுதத்தைக் கீழே வைப்பதில்லை என்று லெக்லெர்க் என்ற பிரெஞ்சு அதிகாரி தன் ஆட்களோடு சபதம் எடுத்தார். 1944 நவம்பர் 23 அன்று அவருடைய டாங்குகளே அந்த நகருக்குள் நுழைந்தன. ஆறு வாரம்கூட ஆகவில்லை. கொடி பிடித்து வரவேற்ற மக்களை மறுபடி ஜெர்மானியரிடம் விட்டுவிட்டு வா என்று பிரான்சிடம் சொல்கிறார் ஓர் அமெரிக்கர்.

பிரெஞ்சு அரசின் தலைவர் டி கோல் தன் தளபதி டி லாத்ருக்கு நேரடியாக உத்தரவு போட்டார்: அமெரிக்கர்கள் போனாலும் நீ நின்று காக்க வேண்டும். டி லாத்ருக்கு இப்போது இரண்டு எஜமான்கள், இரண்டு எதிரெதிர் உத்தரவுகள்.

ஜனவரி 3 அன்று டி கோல் நேரில் வந்தார். சர்ச்சிலும் இருந்தார். ஐசன்ஹோவர் ராணுவக் காரணங்களைச் சொன்னார். இது வெறும் போர்ப்பயிற்சி விளையாட்டாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி, ஆனால் எங்களுக்கு இது தேசத்தின் பேரழிவு என்கிற ரீதியில் டி கோல் பதில் சொன்னார். ஐசன்ஹோவர் ஒரு படி ஏறினார்: சொன்னபடி கேட்காத படைக்குக் குண்டும் பெட்ரோலும் வராது. அது வெற்று மிரட்டல் அல்ல. டி லாத்ரின் வீரர்கள் பிரெஞ்சுக்காரர்கள், ஆனால் துப்பாக்கி, டாங்க், எரிபொருள் எல்லாம் அமெரிக்கா கொடுத்தவை. ஒரே படை இரண்டு பக்கமும் இரவல். டி கோலும் ஒரு படி ஏறினார்: கொதித்துப்போன பிரெஞ்சு மக்கள் உங்களுக்கு ரயில்பாதைகளைத் தர மறுக்கலாம்.

இங்கே ஐசன்ஹோவர் என்ன செய்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. உத்தரவை மாற்றினார். ஸ்ட்ராஸ்பூர்க்கை விடுவதில்லை, முனையைக் கொஞ்சம் மட்டும் சரிசெய்துகொள்வது என்று முடிவானது. அரசியல் காரணத்துக்காக மாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு மனமில்லை. பின்பகுதியில் குழப்பம் வந்தால் சப்ளை பாதிக்கும், ஆகவே இதுவும் ராணுவக் காரணமே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். டி கோல் போனதும், செய்தது புத்திசாலித்தனம் என்று சர்ச்சில் சொன்னாராம். நகரம் நின்றது.

ராணுவக் காரணம், அரசியல் காரணம் என்று பிரித்துக்கொள்வது தளபதிகளுக்குப் பிடித்த பழக்கம். கூட்டணிப் போரில் அந்தக் கோடு கிடையாது. படை கொடுத்தவரின் மனம் முறிந்தால் படை போய்விடும். படை போனால் அது ராணுவப் பிரச்சினைதானே?

ஸ்டில்வெல்: சரியாகச் சொல்லியும் தோற்றவர்

ராணுவம், அரசியல் என்று பிரிக்கும் இந்தக் கோட்டினை அழிக்க மறுத்த ஒருவரையும் பார்த்துவிடுவோம். அமெரிக்க ஜெனரல் ஜோசப் ஸ்டில்வெல். சீன மொழி நன்றாகத் தெரிந்தவர். நல்ல படைவீரர். 1942இல் பர்மாவில் தோற்றபோது விமானம் ஏறாமல், தன் ஆட்களோடு காட்டு வழியே நடந்தே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். நம்மை நன்றாக உதைத்து விரட்டிவிட்டார்கள் என்று பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். பீகாரில், இன்றைய ஜார்க்கண்டின் ராம்கட்டில், சீன வீரர்களுக்குச் சோறு போட்டு, உடுப்புக் கொடுத்து, பயிற்சி தந்து, அவர்களாலும் ஜப்பானியரை ஜெயிக்க முடியும் என்று காட்டினார்.

அவர் வகித்த பதவிகளைக் கேட்டாலே தலை சுற்றும். சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்கின் கூட்டுத் தலைமையக அதிகாரி. சீனா-பர்மா-இந்தியா முனையின் அமெரிக்கத் தளபதி. சீனாவுக்கு வரும் அமெரிக்க உதவிப் பொருள்களைப் பங்கிடுபவர். அப்புறம், தென்கிழக்கு ஆசியக் கூட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனுக்குத் துணை. மவுண்ட்பேட்டனின் தலைமையகம் 1944 ஏப்ரலில் இலங்கைக்கு மாறி, கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைப் பூங்காவில் நடந்தது. ஆக, ஒரே ஆள் சியாங்குக்கும் மவுண்ட்பேட்டனுக்கும் வாஷிங்டனுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

சியாங்கை ஸ்டில்வெல் மதிக்கவில்லை. நாட்குறிப்பில் அவருக்கு வைத்த பெயர் 'வேர்க்கடலை'. வீரர்கள் பட்டினி கிடக்க, அதிகாரிகள் ரேஷனை விற்றுத் தின்கிறார்கள் என்ற அவர் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. 1937 முதல் தனியாக ஜப்பானோடு மோதிக் களைத்த நாடு, மலைமேல் விமானத்தில் வரும் சொற்ப உதவியை நம்பிக் கிடக்கிறது என்று சியாங் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அதைப் பார்க்கும் பொறுமை ஸ்டில்வெல்லுக்கு இல்லை.

1944இல் ஜப்பானியர் சீனாவுக்குள் பெரிய தாக்குதல் தொடுத்தார்கள். சீனப் படை முழுவதையும் எந்தத் தடையும் இல்லாமல் ஸ்டில்வெல்லிடம் ஒப்படையுங்கள் என்று ரூஸ்வெல்ட்டின் பெயரில் ஒரு கடுமையான செய்தி புறப்பட்டது. செப்டம்பர் 19 அன்று அது சீனாவின் போர்க்காலத் தலைநகரான சோங்சிங் வந்து சேர்ந்தபோது, சியாங்கின் வீட்டில் ரூஸ்வெல்ட்டின் தூதர் பேட்ரிக் ஹர்லி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அந்தத் தலைமைப் பதவி பற்றியே பேச்சு, அதுவும் ஓரளவு சுமுகமாக. செய்தியைப் பார்த்த ஹர்லி, சாரத்தை மட்டும் மென்மையாகச் சொல்லிவிடுவோமே என்றார். ஸ்டில்வெல் கேட்கவில்லை. சீன மொழிபெயர்ப்பைச் சியாங்கின் கையிலேயே கொடுத்தார். சியாங் படித்தார். 'புரிகிறது' என்றார். பிறகு ஒன்றும் பேசாமல் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். இதை எழுதி வைத்தவர் ஸ்டில்வெல்லே. எழுத்தில் அவ்வளவு சந்தோஷம். குத்தீட்டி சரியான இடத்தில் பாய்ந்தது என்று மனைவிக்குப் பாட்டே எழுதி அனுப்பினார்.

ஒரு மாதம். அக்டோபர் 19 அன்று அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். இந்த ஆளை வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சியாங் சொல்லிவிட்டார், ரூஸ்வெல்ட்டால் மறுக்க முடியவில்லை. படை சியாங்கினுடையது. அவருக்குப் பதிலாகப் போனவர் கண்டியில் மவுண்ட்பேட்டனிடம் வேலை பார்த்த ஆல்பர்ட் வெடமையர். சியாங்கோடு பேசும்போது குரலை உயர்த்தாதவர் என்பது அவருடைய பெரிய தகுதி.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஐசன்ஹோவரின் ராணுவக் கணக்கு சரி, இங்கே ஸ்டில்வெல்லின் ராணுவக் கணக்கும் சரி. முன்னவர் கணக்கை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பின்னவர் அதை எதிராளி கையில் கொடுத்துப் படிக்க வைத்தார்.

பிறகு

1945க்குப் பிறகும் இதே கதைதான், ஆட்கள் மட்டும் வேறு. 1999 ஜூனில் கொசோவோவில் பிரிஸ்டினா விமான நிலையத்தை ரஷ்ய வீரர்கள் முந்திக்கொண்டு பிடித்தார்கள். ஓடுபாதையை மறித்து அடைத்துவிடுங்கள் என்றார் நேட்டோவின் அமெரிக்கத் தளபதி வெஸ்லி கிளார்க். களத்தில் இருந்த பிரிட்டிஷ் ஜெனரல் மைக் ஜாக்சன், உங்களுக்காக மூன்றாம் உலகப் போரைத் தொடங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். விஷயம் இரண்டு தலைநகரங்களுக்கும் போனது. உத்தரவு நிறைவேறவில்லை. ஆண்டர்சனுக்குக் கொடுத்த அந்தத் தாளின் பேரப்பிள்ளை இது.

1991 வளைகுடாப் போரில் அமெரிக்கர்கள் வேறு வழி பிடித்தார்கள். அரபு நாட்டுப் படைகள் தன் மண்ணில் அமெரிக்க உத்தரவுக்குக் கீழே நிற்பதைச் சவூதி ஏற்காது என்பதால், அமெரிக்கத் தளபதி நார்மன் ஷ்வார்ஸ்காஃபுக்கு இணையாகச் சவூதி இளவரசர் காலித் பின் சுல்தானும் ஒரு தளபதி. ஒரே தலைமை என்ற கொள்கைக்கு நேர் எதிர். இருந்தும் நடந்தது, காரணம் இருவரும் தினமும் பேசிக்கொண்டார்கள்.

கொரியாவோடு முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கே மட்டும் கணக்கு இன்னும் முடியவில்லை. 1950 ஜூன் 25 அன்று வடகொரியா தாக்கியது. ஜூலையில் ஐ.நா. பாதுகாப்பு அவை அமெரிக்கத் தலைமையில் ஒரு கூட்டுப்படையை ஏற்றது. தளபதி டக்ளஸ் மெக்கார்தர். மெக்கார்தருக்கு மறந்துபோனது வெளிநாட்டுக் கூட்டாளிகள் மட்டுமல்ல, தன் சொந்தப் படையும் அதிபரிடமிருந்து வந்த பொறுப்புதான் என்பதும். போரைச் சீனாவுக்குள் கொண்டுபோக வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். பிரிட்டனும் மற்றவர்களும் பதறினார்கள். 1951 ஏப்ரல் 11 அன்று அதிபர் ட்ரூமன் அவரை நீக்கினார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய ஒரு கடிதம். 1950 ஜூலை 14 அன்று, தலைநகரை இழந்து தெற்கே ஓடிக்கொண்டிருந்த நிலையில், தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ தன் தரை, கடல், வான் படைகளின் கட்டளை அதிகாரத்தை மெக்கார்தரிடம் ஒப்படைத்தார். எவ்வளவு காலத்துக்கு? தற்போதைய போர்நிலை நீடிக்கும்வரை.

1953 ஜூலை 27 அன்று கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டும்தான். சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. 1994 டிசம்பர் 1 அன்று, அமைதிக்காலத்தில் தன் படையை நடத்தும் உரிமையைத் தென்கொரியா திரும்ப வாங்கிக்கொண்டது. போர் வந்தால் நடத்தும் உரிமை, ஓர் அமெரிக்க ஜெனரல் தலைமை வகிக்கும் கூட்டுத் தலைமையகத்திடமே இருக்கிறது. 2012இல் திருப்பித் தருவதாக 2007இல் பேசினார்கள். பிறகு 2015 என்றார்கள். 2014இல் தேதியையே எடுத்துவிட்டு, நிபந்தனைகள் நிறைவேறும்போது பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள்.